பளிங்கு மேடையும் குத்துவிளக்கும்

தீபாவளிக்கு முதல் நாள். பாரிட் புந்தாரில் ஒரு மாடி வீட்டை நினைத்துக்கொள்வோம். பூசையறையிலிருந்த குத்துவிளக்கு, காமாட்சி விளக்கு, செம்பு, தாம்பாளம் ஆகியவை துலக்குவதற்காக வெளியே எடுக்கப்பட்டுள்ளன. சமையலறையில் முறுக்குச் சுடும் வேலை நடப்பதால் அங்கு இடமில்லை. ஆகவே, குளியலறையில் கழுவுதொட்டியைச் சுற்றிப் பதித்திருக்கும் வெள்ளைப் பளிங்கு மேடையில் விளக்குகள் வரிசையாக வைக்கப்படுகின்றன. பாட்டி ஒரு கிண்ணத்தில் புளியைக் கரைத்து வைத்திருக்கிறார். இன்னொரு கிண்ணத்தில் உமிக்கரி இருக்கிறது. அரைமணி நேரத்தில் விளக்குகள் பொன்போல மின்னுகின்றன. ஆனால், மேடையைத் துடைத்துப் பார்த்தபோதுதான் விளக்கின் அடிப்பாகம் இருந்த இடங்களில் வட்டமான மங்கல் தடங்கள் தெரிகின்றன. அவற்றைச் சுற்றி மெல்லிய கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. எத்தனை முறை துடைத்தும் அவை போகவில்லை.

பித்தளையைப் பளபளக்க வைத்த அதே புளியும் உமிக்கரியும் பளிங்கை மங்க வைத்துவிட்டன. இது எப்படி நடந்தது? போன பளபளப்பை மீட்க முடியுமா? இவற்றுக்கு விடை தெரியாமல், கையில் கிடைத்ததைக் கொண்டு மேலும் தேய்ப்பவர்கள் பலர். முதல் நாள் விழுந்த கீறலைவிட, அதை நீக்க முயன்று மறுநாள் ஏற்படுத்திய சேதமே பெரிதாகிவிடுவதும் உண்டு. எனவே, தேய்ப்பதற்கு முன் அந்தக் கல்லைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது.

பேரா மாநிலத்தவருக்குப் பளிங்கு அந்நியமான பொருளன்று. பாரிட் புந்தாரிலிருந்து தெற்கே ஈப்போவுக்குச் செல்பவர்கள், நகரை நெருங்கும்போது செங்குத்தாக எழுந்து நிற்கும் வெளிர்நிறக் குன்றுகளைக் கண்டிருப்பார்கள். ஈப்போவின் கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயம் இத்தகைய ஒரு குன்றின் அடியில்தான் அமைந்திருக்கிறது. இன்று கிந்தாப் பள்ளத்தாக்கில் உயர்ந்து நிற்கும் இக்குன்றுகள் ஒரு காலத்தில் கடலடியில் கிடந்தவை. 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், ஆழமில்லாத கடலில் வாழ்ந்த சிற்றுயிர்களின் ஓடுகள் அடுக்கடுக்காகப் படிந்து இறுகிச் சுண்ணாம்புக்கல் ஆயின. பிறகு, பூமியின் ஆழத்திலிருந்து பாறைக்குழம்பு மேலெழுந்து வந்து, மெல்லக் குளிர்ந்து கருங்கல்லாக உறைந்தது. அதன் கடும் வெப்பத்தில் வெந்த சுண்ணாம்புக்கல், உருகாமலேயே புதிய படிகங்களாக மாறியது. அப்படி மாறிய சுண்ணாம்புக்கல்லைத்தான் பளிங்கு என்கிறோம். கிந்தாவை உலகறியச் செய்த ஈயமும் அதே பாறைக்குழம்போடு வந்ததுதான். இந்த ஈயம் பிறகு ஓரிடத்தில் மீண்டும் வரும்.

வீட்டு மேடையில் இருக்கும் கல் ஈப்போ வட்டாரத்தில் வெட்டியதாக இருக்கலாம். இத்தாலியிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ கப்பலில் வந்ததாகவும் இருக்கலாம். எங்கிருந்து வந்தாலும் அதன் உடல் பெரும்பாலும் ஒரே பொருளால் ஆனது. அதன் பெயர் கால்சியம் கார்பனேட். முட்டை ஓடும் கிளிஞ்சலும் இதே பொருள்தான். முட்டையைக் காடியில், அதாவது வினிகரில், போட்டு வைத்தால் ஓட்டின் மேல் குமிழிகள் எழுவதையும் ஓடு மெல்ல மெல்லக் கரைவதையும் பலர் அறிவியல் வகுப்பில் பார்த்திருப்பார்கள். பளிங்கு மேடையிலும் நடந்தது அதுவே. புளியில் டார்டாரிக் அமிலம் இருக்கிறது. எலுமிச்சையில் சிட்ரிக் அமிலமும் காடியில் அசெட்டிக் அமிலமும் இருக்கின்றன. பித்தளையின் மேல் படிந்த களிம்பை மட்டும் இவை கரைத்து எடுத்துவிடும். உள்ளே இருக்கும் உலோகத்தை அவ்வளவாகத் தொடுவதில்லை. பளிங்குக்கு அப்படி ஒரு தனி மேல்தோல் கிடையாது. அமிலம் பட்டால் கல்லே கரைகிறது. கரைந்த இடத்தில் மேற்பரப்பு சொரசொரப்பாகி, மங்கலாகத் தெரிகிறது. இதனை அமிலத்தடம் எனலாம்.

மெல்லிய கோடுகளுக்குக் காரணம் வேறு. பாரிட் புந்தாரைச் சுற்றிலும் விரிந்திருக்கும் கிரியான் நெல்வயல்களிலிருந்து அதை விளக்கலாம். 1906இல் முடிவடைந்த கிரியான் நீர்ப்பாசனத் திட்டத்தால், புக்கிட் மேராவில் தேக்கிய நீர் இவ்வயல்களுக்கு வந்தது. அன்று முதல் இவ்வட்டாரம் நெல்லுக்குப் பெயர் பெற்றது. நெற்பயிர் நீரோடு சேர்த்து மண்ணிலிருந்து சிலிகாவையும் உறிஞ்சுகிறது. மணலும் கண்ணாடியும் எதனால் ஆனவையோ அதே பொருள்தான் சிலிகா. பயிர் அதைத் தன் இலையிலும், எல்லாவற்றையும்விட மிகுதியாக உமியிலும் சேர்த்து வைக்கிறது. நெல்லின் இலையை உருவினால் விரலைக் கீறுவது அதனால்தான். உமியை எரித்தால் மற்றவை புகையாகப் போய்விடும். எஞ்சும் சாம்பலில் பெரும்பகுதி சிலிகாதான். பல் துலக்கவும் பாத்திரம் துலக்கவும் நம் முன்னோர் உமிக்கரியைத் தேர்ந்தெடுத்தது காரணமில்லாமல் அன்று. அது நன்றாகத் தேய்க்கும் பொடி. பளிங்கின் மேல் அதைப் பயன்படுத்தும்போதுதான் சிக்கல் வருகிறது.

எது எதைக் கீறும் என்பதை அளப்பதற்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு. ஜெர்மனியில் பிறந்த கனிமவியல் அறிஞர் பிரெடரிக் மோஸ் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை உருவாக்கினார். மிக மென்மையான கனிமத்துக்கு 1 என்றும் வைரத்துக்கு 10 என்றும் எண்கள் தரப்பட்டுள்ளன. கடினமானது மென்மையானதைக் கீறும், இதுவே விதி. நம் விரல் நகம் ஏறத்தாழ 2.5. பளிங்கு 3. சமையலறைக் கத்தி 5.5 அளவில் இருக்கும். மணலில் உள்ள குவார்ட்ஸ் 7. உமிச் சாம்பலில் உள்ள சிலிகா குவார்ட்ஸ் அளவுக்குக் கடினமானதன்று; எனினும், பளிங்கைக் கீறுவதற்கு அது தாராளமாகப் போதும். ஆக, நகத்தைவிடச் சற்றே கடினமான ஒரு கல்லின் மேல்தான் நாம் உலோகப் பாத்திரங்களை இழுக்கிறோம். பித்தளையிலும் இந்த நுண்ணிய கீறல்கள் விழத்தான் செய்கின்றன. ஆனால், களிம்பு போன மகிழ்ச்சியில் அவை நம் கண்ணில் படுவதில்லை.

கல் என்றாலே உறுதியானது என்ற எண்ணம் நமக்கு அம்மியிலிருந்தும் ஆட்டுக்கல்லிலிருந்தும் வந்தது. அவை கருங்கல்லால் ஆனவை. கருங்கல்லின் கடினம் 6 முதல் 7 வரை. புளி பட்டாலும் அது கலங்காது. நார் வைத்துத் தேய்த்தாலும் கலங்காது. அம்மியைத் தேய்த்த அதே கை பளிங்கையும் தேய்க்கிறது. பெயரளவில் இரண்டும் கல்தான். குணத்திலோ பளிங்கு முட்டை ஓட்டுக்கு உறவு.

இனி, கீறலை நீக்குவதைப் பார்க்கலாம். முதலில், மேடை உண்மையிலேயே பளிங்குதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். பளிங்கைப் போலத் தோன்றும் செயற்கைக் கற்கள் பல உள்ளன. பிசினோடு கற்பொடியைக் கலந்து செய்யப்படும் பலகைகளும் அவற்றுள் அடங்கும். அவற்றின் பராமரிப்பு முறை வேறு. மேடையின் அடிப்புறம் போன்ற கண்ணில் படாத இடத்தில் ஒரு சொட்டுக் காடியை வைத்தால், பளிங்காக இருப்பின் நுண்ணிய குமிழிகள் எழும். உடனே அவ்விடத்தை நீரால் கழுவிவிட வேண்டும்.

அடுத்து, இருப்பது எந்த வகைக் குறை என்று அறிய வேண்டும். விளக்கை அணைத்துவிட்டு, கைவிளக்கின் ஒளியை மேடையின் ஓரத்திலிருந்து சாய்வாகப் பாய்ச்சினால் எல்லாம் வெளிப்பட்டுவிடும். கோடாகத் தெரிவது கீறல். சொட்டுப் போலவோ வளையமாகவோ தெரிவது அமிலத்தடம். கல்லின் மேற்பரப்பு வழுவழுப்பாகவே இருந்து, நிறம் மட்டும் மாறியிருந்தால் அது கறை. இம்மூன்றையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதுதான் மிகவும் பரவலான தவறு. கறை கல்லுக்குள் ஊறிப் போனது. மேலே எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. கீறலாக இருந்தால், விரல் நகத்தை அதன் குறுக்கே மெதுவாக நகர்த்திப் பார்க்கலாம். நகம் தடையில்லாமல் சென்றால் கீறல் மேலோட்டமானது. வீட்டிலேயே சரிசெய்ய முயலலாம். நகம் சிக்கினால் கீறல் ஆழமானது. அதை எந்திரத்தோடு வரும் கற்பணியாளரிடம் விட்டுவிடுவதே அறிவுடைமை.

மேலோட்டமான கீறலை நீக்குவது எப்படி? வயலில் ஒரு பள்ளம் இருந்தால் மேட்டு மண்ணை இழுத்துவந்து நிரப்பிவிடலாம். கல்லில் அது முடியாது. கீறல் என்பது கல் பெயர்ந்துபோன இடம். போன கல் திரும்பி வராது. அதனால், சுற்றியுள்ள பரப்பையும் கீறலின் அடிமட்டம்வரை தேய்த்து இறக்க வேண்டியிருக்கிறது. அப்படித் தேய்ப்பதும் ஒருவகைக் கீறல்தான்! பெரிய கீறலைச் சிறிய கீறல்களால் அழிக்கிறோம். அந்தச் சிறியவற்றை இன்னும் சிறியவற்றால் அழிக்கிறோம். இறுதியில், கண்ணால் காணமுடியாத அளவுக்குக் கீறல்கள் நுண்மையாகிவிடும்போது கல் ஒளியைச் சிதறடிக்காமல் கண்ணாடிபோல் திருப்பி அனுப்புகிறது. அதையே நாம் பளபளப்பு என்கிறோம். பளபளப்பு என்பது கல்லின் மேல் பூசிய பூச்சு என்று பலர் நினைக்கிறார்கள். நல்ல பளிங்கில் அது பூச்சன்று. கல்லின் வழவழப்பே ஒளியாகத் தெரிகிறது.

இதற்குப் பயன்படுவது நீரில் நனைத்தாலும் கிழியாத கறுப்பு உப்புத்தாள். வைரத்துகள் பதித்த தேய்ப்பு வில்லைகளும் கடைகளில் கிடைக்கின்றன. தாளின் பின்புறத்தில் ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். எண் கூடக்கூடத் துகள் சிறிதாகும். 400 எண் தாளின் துகள் ஏறத்தாழ 35 மைக்ரோன் அளவுடையது. 1200 எண் தாளில் 15 மைக்ரோன் அளவே இருக்கும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பங்கிட்டால் கிடைப்பது ஒரு மைக்ரோன். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரோன். முடியைவிட மெல்லிய துகள்களைக் கொண்டு செய்யும் வேலை இது, அவசரம் உதவாது.

மேடையை மென்மையான பாத்திரச் சவர்க்காரத்தால் கழுவி, மணல் ஒரு துகளும் இல்லாதபடி துடைக்க வேண்டும். குழாயின் அடிப்பாகத்தையும் தொட்டியின் விளிம்பையும் ஒட்டுநாடாவால் மூடிவிட்டால் அவற்றில் கீறல் விழாது. தாளைத் தட்டையான ரப்பர்க் கட்டையில் சுற்றிக்கொள்ள வேண்டும். விரலால் அழுத்தித் தேய்த்தால் விரல் பட்ட இடம் மட்டும் குழியும். முதலில் 800 எண் தாளைக் கொண்டு மறைவான ஒரு மூலையில் சோதித்துப் பார்ப்பது நல்லது. கீறல் அதற்கு மசியாவிட்டால் மட்டுமே 400க்கு இறங்க வேண்டும். மென்மையான தாளில் தொடங்கித் தேவைப்பட்டால் முரட்டுத் தாளுக்குப் போகலாமே தவிர, எடுத்த எடுப்பில் முரட்டுத் தாளை எடுக்கக்கூடாது.

தேய்க்கும்போது கல் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். நீர், தேய்ந்து வரும் பொடியை அகற்றுகிறது. தூசி மூக்கில் ஏறாமலும் தடுக்கிறது. கீறல் இருக்கும் கோட்டை மட்டும் தேய்த்தால் அங்கே ஒரு பள்ளம் உண்டாகி, நீர் தேங்கும். ஆகவே, அதைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பரவலாகத் தேய்த்து, ஓரங்களில் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். 800 எண் தாளை இடவலமாகத் தேய்த்தால், அடுத்து வரும் 1200 எண் தாளை மேலும் கீழுமாகத் தேய்க்க வேண்டும். பழைய திசையில் ஒரு கோடு தெரிந்தாலும் முந்தைய தாளின் கீறல் இன்னும் அழியவில்லை என்று கண்டுகொள்ள இது உதவும். கற்பணியாளர்கள் கையாளும் எளிய உத்தி இது. தாளை மாற்றும் ஒவ்வொரு முறையும் மேடையையும் கைகளையும் நன்றாகக் கழுவ வேண்டும். முந்தைய தாளின் முரட்டுத் துகள் ஒன்று தங்கிவிட்டாலும், அது அடுத்த கட்டத்தில் புதிய கீறலைப் போட்டு, செய்த வேலையை வீணாக்கிவிடும்.

ஈரக் கல்லைப் பார்த்து ஏமாறுபவர்களும் உண்டு. நீர் கீறல்களுக்குள் நிரம்பி, மேடை முழுதும் பளபளப்பதுபோலக் காட்டும். காய்ந்ததும் எல்லாக் கோடுகளும் திரும்பி வரும். முழுமையாக உலர்ந்த பிறகே வேலை முடிந்ததா என்று முடிவு செய்ய வேண்டும்.

3000 எண் வரை சென்ற பிறகு கல் மென்மையாக மின்னத் தொடங்கும். ஆனால், முழுப் பளபளப்பு வந்திருக்காது. அதைத் தருவது மெருகுப்பொடி. பளிங்குக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் மெருகுப்பொடிகளுள் ஒன்று ஈய ஆக்சைடு. நாம் பேச்சில் ஈயம் என்று சொல்வது வெள்ளீயத்தையே. கிந்தாப் பள்ளத்தாக்கின் சுரங்கங்களில் சுண்ணாம்புக் குன்றுகளின் இடுக்குகளிலிருந்து நம் நாட்டினர் தோண்டியெடுத்த ஈயத்தாதுவும், வேதியியல்படி, இதே ஆக்சைடுதான். கல்லைப் பளிங்காக்கிய அதே பாறைக்குழம்போடு வந்த ஈயமே பளிங்குக்கு மெருகும் ஏற்றுகிறது. இந்தப் பொருத்தம் இயற்கையாக அமைந்தது. பொடியைச் சிறிது நீரில் குழைத்து, நனைந்த கம்பளித் துணியால் வட்டமாகத் தேய்த்தால் சில நிமிடங்களில் ஒளி ஏறும். விளக்கு வைத்ததால் ஏற்பட்ட மெல்லிய அமிலத்தடத்துக்கு உப்புத்தாளே தேவைப்படாது; இந்த மெருகுப்பொடி மட்டும் போதும். சிலவகைப் பொடிகளில் நச்சுத்தன்மை உடைய ஆக்சாலிக் அமிலமும் கலந்திருக்கும். எனவே, கையுறை அணிய வேண்டும். வீட்டுப் பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். மிச்சத்தைச் சிறுவர் கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

குளியலறை என்பதால் இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. கழிவறையைக் கழுவும் நீர்மங்கள் சிலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உள்ளது. அது பளிங்கில் தெறித்தால் ஒரு நிமிடத்திலேயே தடம் விழும். அதைவிட ஆபத்தானது, அமிலம் கலந்த நீர்மத்தையும் வெளுப்பானையும் சேர்த்துப் பயன்படுத்துவது. இரண்டும் கலந்தால் குளோரின் என்ற நச்சு வாயு வெளிவரும். காற்றோட்டமில்லாத சிறிய குளியலறையில் அது மூச்சையே பாதிக்கும். கல்லை மறுபடியும் மெருகேற்றிக்கொள்ளலாம். நுரையீரலை அவ்வாறு செய்ய முடியாது.

ஒவ்வொரு முறை மெருகேற்றும்போதும் கல்லின் தடிமனில் ஒரு சிறு பங்கு நீரோடு ஓடிவிடுகிறது. வீட்டு மேடை இரண்டு சென்டிமீட்டர் தடிமன் உடையதாக இருந்தால் இதனால் பெரிய இழப்பில்லை. பழஞ்சின்னங்களின் நிலை வேறு. ஆக்ராவிலுள்ள தாஜ்மகால், ராஜஸ்தானின் மக்ரானாவில் வெட்டிய வெள்ளைப் பளிங்கால் எழுப்பப்பட்டது. காற்றுமாசினால் அதன் சுவர்கள் மஞ்சளித்தபோது, இந்தியத் தொல்லியல் துறை அவற்றைத் தேய்த்து மெருகேற்றவில்லை. தேய்த்திருந்தால் 17ஆம் நூற்றாண்டுக் கைவினைஞர்களின் உளி பட்ட மேற்பரப்பே போயிருக்கும். அதற்குப் பதிலாக, பெண்கள் முகத்துக்குப் பூசும் முல்தானி மட்டியைப் போன்ற களிமண்ணைச் சுவரில் பூசி, அது காயும்போது அழுக்கை உறிஞ்சிக்கொள்ளுமாறு விட்டு, பின்னர்த் தூய நீரால் கழுவினார்கள். 1994 முதல் பல முறை இவ்வாறு செய்யப்பட்டுள்ளது. வீட்டுப் பளிங்கில் எண்ணெய்க் கறை ஊறியிருந்தாலும் இதே முறை கைகொடுக்கும். அழுக்கை உறிஞ்சும் பொடியைக் குழைத்துப் பூசி, ஒரு நாள் காயவிட்டு எடுத்தால் கறை மங்கும்.

மெருகேற்றிய மேடைக்குக் காப்புப்பூச்சு அடிக்கும்படி கடைக்காரர்கள் பரிந்துரைப்பார்கள். அடிக்கலாம், எண்ணெயும் தேநீரும் கல்லில் ஊறாமல் அது தாமதப்படுத்தும். ஆனால், பூச்சு இருக்கிறது என்ற துணிச்சலில் எலுமிச்சைத் தோலை மேடையில் வைத்துவிட்டுப் போனால் தடம் விழத்தான் செய்யும். காப்புப்பூச்சு கறையைத் தடுக்குமே தவிர, அமிலத்தையோ கீறலையோ தடுக்காது. அதனால், பளபளப்பே வேண்டாம் என்று மங்கலான மெருகோடு பளிங்கைப் பதிப்பவர்களும் இருக்கிறார்கள். கீறல்கள் அதில் அவ்வளவாகத் தெரிவதில்லை. பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அது பொருத்தமான தேர்வு.

பாரிட் புந்தாரிலிருந்து கிரியான் ஆற்றைக் கடந்தால் நிபோங் திபால். அங்குள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகத்தில் கனிம வளப் பொறியியல் ஒரு பாடத்துறையாகவே கற்பிக்கப்படுகிறது. கல்லின் கடினத்தையும் துகளின் அளவையும் பற்றி மேலும் அறிய விரும்பும் மாணவர்கள் வெகுதொலைவு போக வேண்டியதில்லை.

அடுத்த தீபாவளிக்கும் பாட்டி புளியையும் உமிக்கரியையும் கைவிடப் போவதில்லை. கைவிட வேண்டியதும் இல்லை. விளக்குகளைப் பின்கட்டுக் குழாயடிக்கு எடுத்துச் சென்று, ஒரு நெகிழித் தொட்டிக்குள் வைத்துத் துலக்கினால் போதும். அங்கே இருப்பது சிமெண்டுத் தரை. உண்மையில், புளி அதையும் சிறிது கரைக்கத்தான் செய்யும். ஆனால், குழாயடித் தரை பளபளக்கவில்லையே என்று எந்த வீட்டிலும் யாரும் கவலைப்பட்டதில்லை.